பச்சை என்றால் நில்

ப்ராகில் இரவு டிராம் ஓட்டுகிறேன்.
பதினேழு வருடமாக
விளக்கு சொன்னபடி நடந்து பழகியவள்.
எனக்கு ஒரு விளக்கு வாங்கத் தெரியவில்லை
என்றால் நம்புவீர்களா?

அறுபது லிட்டர் தொட்டி.
அடியில் கறுப்பு மண், இரண்டு எரிமலைக் கல்,
கட்டுக் கட்டாக நட்ட ரொட்டாலா.
பெட்டியோடு வந்த விளக்கின் கீழ்
செடியெல்லாம் கழுத்தை நீட்டி
மேலே மேலே போயின,
தன் நிறுத்தம் வந்ததா என்று
எக்கிப் பார்க்கும் குடிகாரனைப் போல.
கீழ் இலைகள் கழன்று மிதந்தன.

வெளிச்சம் போதவில்லை. அது எனக்கே புரிந்தது.
மலிவாக ஒன்று வந்தது, தபாலில்:
சிவப்பும் நீலமும் கலந்த எல்இடி,
செடிக்கென்றே செய்ததாம்.
மாட்டினேன். அறை முழுக்கக் கத்தரிப்பூ நிறம்.
நியான் மீன்கள்
தங்கள் நீலக் கோட்டை எங்கே வைத்தோமென்று
மறந்தவை போலத் திரிந்தன.

ஐந்தாம் மாடி. திரை போடாத ஜன்னல்.
நவம்பரில் நாலரைக்கே இருட்டு.
பாரந்தோவ் குன்றில் பாதிப் பேருக்கு
என் அறை தெரிந்திருக்கும்.

ஒன்பதாம் நாள் கதவு தட்டப்பட்டது.
இரண்டு போலீஸ்.
எதிர்க் கட்டடத்துத் திருமதி க்ரோபாச்சோவா
கணக்கு வைத்திருக்கிறார்:
மூன்று மணி முதல் பதினொன்று வரை ஊதா வெளிச்சம்,
தனியாக ஒரு பெண்,
பகலெல்லாம் தூக்கம்.
கஞ்சாதான், வேறென்ன.

வாருங்கள் என்றேன், இரவு உடையில், மதியம்.
ஒருவர் குளியலறையைப் பார்த்தார், கட்டிலடியைப் பார்த்தார்.
இன்னொருவர், சட்டையில் நெட்வால் என்று பெயர்,
தொட்டி முன் குனிந்தவர் நிமிரவில்லை.
மீசைக்கார மீன் ஒன்று விருட்டென்று மேலேறி
ஒரு வாய் காற்றைக் கவ்விக்கொண்டு இறங்கியது.
"என்ன செய்கிறது இது?"
"மூச்சு விடுகிறது."
அதையும் குறிப்பேட்டில் எழுதினார் என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் ஜிஜ்கோவில் வெண்டுலாவின் கடைக்குப் போனேன்.
எத்தனை வாட் வேண்டும் என்று கேட்டேன்.
தண்ணீர் எத்தனை ஆழம் என்று கேட்டாள்.
எது நல்ல விளக்கு என்றேன்.
என்ன செடி என்றாள்.
பிறகு, "கரியமில வாயு விடுகிறாயா?"
இல்லை.
"பிறகு எதற்கு அந்தப் பெரிய விளக்கையே பார்க்கிறாய்?
குதிரையைச் சவுக்கால் அடித்துவிட்டு
கொள்ளு வைக்காத கதையாகிவிடும்."
கேட்டுக்கொண்டேன்.
பெரிய விளக்கைத்தான் வாங்கினேன்.

ஆறாயிரத்து ஐந்நூறு கெல்வின், வெள்ளை.
மீன்களுக்குக் கோடு திரும்பக் கிடைத்தது.
முழு வேகத்தில் பத்து மணி நேரம் எரியவிட்டேன்.
முதல் வாரம் ரொட்டாலா நுனி சிவந்தது.
என் தொழிலில் சிவப்பு என்றால் நில்.
இங்கே அது வயிறு நிறைந்த முகம் போலிருக்கிறதே
என்று சந்தோஷப்பட்டேன்.

இரண்டாம் வாரம் கல்லில் ஒரு தூசு.
பிறகு கண்ணாடியில்.
பிறகு இலைக்கு இலை நூல் நூலாக,
யாரோ பின்னிக்கொண்டே போவது போல.
பச்சை.
பதினேழு வருடம் பச்சையைக் கண்டால்
கை தானாக முன்னே தள்ளும்.
இங்கே பச்சை என்றால் நில்.
குறை. கையை எடு.

காலாவதியான வங்கி அட்டையால் சுரண்டினேன்.
டிம்மரை நாற்பதுக்கு இறக்கினேன்.
டைமரில் ஆறே மணி நேரம்.
ரொட்டாலாவின் சிவப்பு வெளிறிப்போயிற்று,
துவைத்துத் துவைத்து நைந்த சட்டை நிறம்.
அதற்கு வருத்தம்தான், இன்னும்.

எந்த ஆறு மணி என்பதை மட்டும்
யாரையும் கேட்கவில்லை.
எனக்கு விடிவது இரண்டரைக்கு.
தொட்டிக்கு மூன்று மணிக்கு.
ஒன்பதுக்கு அணைய வேண்டும்;
எட்டே முக்காலுக்கே நுனி இலைகள்
ஒன்றை ஒன்று மூடிக்கொள்கின்றன.
எப்படித் தெரிகிறதோ.
நான் சீருடைப் பொத்தான் போடும் நேரமும் அதுதான்.

நேற்று தபால் பெட்டிகளருகே க்ரோபாச்சோவா மறித்தார்.
மன்னிப்புக் கேட்பார் என்று நின்றேன்.
"விளக்கை மாற்றிவிட்டாயா?
முன்னே இருந்ததுதான் அழகு" என்றார்.